நீலமாகாத மூன்று புதன்கிழமைகள்

போன கிழமை றிஃப்கா ஃபோன் எடுத்தாள். இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்திருந்த கதிரையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். கண் கிளினிக், நோயாளர் பதிவுப் பிரிவு, யன்னலோரம், பின்னங்கால் ஒன்று ஆடும் கதிரை.

“அக்கா, ஒரு சின்ன விஷயம். நாங்க அனுப்புற லிங்க் சில ஆக்களுக்கு நீலமா வருதாம். சில ஆக்களுக்கு கறுப்பாவே கெடக்காம். அமத்தினாலும் ஒண்டும் நடக்குதில்லையாம். ஒங்கட காலத்துல இப்பிடி இருந்திச்சா?”

என்னுடைய காலம் என்று அவள் சொன்னது போன ஆவணி மாசத்தை. ஐம்பத்தைந்து முடிந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் இருக்கப் பழகாத உடம்பு என்னுடையது. இருபத்தாறு வருஷம் உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கதிரை ஆடியதுதான்.

அவள் கேட்டதற்கு விடை ஒரு வரி. ஒரு வரியில் சொன்னேன். “ஆ, அவ்வளவுதானா,” என்று வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. தெய்வானை என்ற ஒரு பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே கண்ணையும் அதற்காகப் பணயம் வைத்தோம். இதைச் சொல்லும் முன் றிஃப்கா வைத்துவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. எழுதுவதென்றால் என் மேலதிகாரி கனகசபை சேரின் ஒப்பம் வேண்டும். அவர் எனக்கு முன்பே ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். வரைவைத் தபாலில் அனுப்பினால், திருத்தங்களோடு திரும்பி வர மாரி தொடங்கிவிடும்.

இருபத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இருபத்தொரு வருஷம் தபாலட்டை. கிளினிக் திகதியைத் தபாலட்டையில் எழுதினேன், முத்திரை குத்தினேன், அனுப்பினேன். அவை எல்க்கடுவைக்கும் றத்தோட்டைக்கும் நாவுலைக்கும் வில்கமுவைக்கும் போயின. சில போகவில்லை. பிறகு கண்டியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம், நோயாளர் தங்கள் வருகையை உறுதிசெய்ய அழுத்தும் லிங்க் பற்றிச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது தபாலட்டை நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு கைபேசியும் ஒரு புது சிம்மும் என் மேசை லாச்சியில் இருந்தன. பயிற்சிக் காலம் என்றால் இவ்வளவுதான்.

பயிற்சியில் சொல்லாத ஒன்றை நான் பிறகு கண்டுபிடித்தேன். லிங்க் தானாக நீலமாவதில்லை. அனுப்புகிறவள் நான் வெறும் எழுத்தைத்தான் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆப் அந்த எழுத்தை ஒரு தரம் பார்க்கிறது. இது ஒரு வாசல் என்று நம்பினால் நீலம் பூசி அடியில் கோடு போடுகிறது. நம்பாவிட்டால் அது சுவரில் வரைந்த கதவு. எவ்வளவு தட்டினாலும் சுவர் சுவர்தான்.

நம்பாமல் போவதற்கு அதனிடம் நிறையக் காரணங்கள் உண்டு. முன்னால் வர வேண்டிய எழுத்துகளை விட்டுவிட்டால் சில ஆப் நம்பாது. நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் பாதி வரைக்கும் நம்பும். கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் சில ஆப் அந்தப் புள்ளியையும் முகவரிக்குள் சேர்த்துக்கொண்டு, இல்லாத ஓர் ஊருக்கு ஆளைக் கூட்டிப்போகும். படமாக எடுத்து அனுப்பினால் அது வெறும் படம். நாங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு தரம் செய்து பார்த்தோம். வேண்டுமென்று இல்லை.

தொடக்கத்தில் சாதாரண குறுஞ்செய்தியில்தான் அனுப்பினோம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் ஒரு செய்தியில் எழுபது எழுத்துதான் கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. மிச்சம் இரண்டாவது செய்தியாகப் போகும். சில ஃபோனில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சில பழைய ஃபோனில் ஒட்டாது. ஒருநாள் வில்கமுவவிலிருந்து ஒரு விவசாயி வந்தார். சிங்களத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவருடைய லிங்கின் முதல் பாதி செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததாம். இரண்டாவது பாதி வியாழக்கிழமை, குளக்கட்டில் நிற்கும்போது வந்ததாம். இரண்டையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி, சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டி, மடிக்காமல் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“மிஸ், இப்ப ஒட்டியாச்சு. இனி வேலை செய்யுமா?” என்றார்.

அந்தக் காகிதத்தை வாங்கி பைலில் போட்டுக்கொண்டேன். அவர் பெயருக்கு நேரே நானே சரி அடையாளம் போட்டேன். இரண்டு பஸ் மாறி வந்த மனிதரிடம் அது நீலமாக இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகுதான் எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பச்சை ஆப்புக்கு மாறினோம்.

இங்கே கனகசபை சேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்து மனிதர். மாத்தளைக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் இங்கத்தைய மழைக்குக் குடை விரிக்காதவர். “இது மழையில்லைப் பிள்ளை, ஈரம்,” என்பார். சட்டைப் பையில் பச்சை மைப் பேனை. சொந்தமாக அவர் வைத்திருந்தது பொத்தான் ஃபோன். அதையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலை செய்வார்.

நோயாளர்களுக்கு ஒரு செய்தி போவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. நான் கணினியில் வரைவு எழுதுவேன். அச்செடுப்பேன். சேர் முன்னால் நின்று சத்தமாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“லிங்கையும் வாசியும்.”

“லிங்க் வாசிக்க ஏலாது சேர். அது எழுத்து எழுத்தா…”

“எழுத்து எழுத்தா வாசியும். நான் அவசரப்படேல்லை.”

வாசிப்பேன். ஒரு லிங்கில் நாற்பது எழுத்துக்கு மேல் வரும். நடுவில் அவர் கை காட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. முடிந்ததும் கண்ணைத் திறந்து, நீலப் பேனை ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சுத்தாளில் லிங்கின் அடியில் அடிமட்டம் வைத்துக் கோடு போடுவார். அடிக்கோட்டை ஆப்தான் போட வேண்டும், நாங்கள் போட முடியாது என்று முதல் தடவை சொன்னேன். “அது அவையின்ர வேலை. இது எங்கட வேலை,” என்றார். அதற்குப் பிறகு பச்சை மையில் ஒப்பம். அதற்குப் பிறகு நான் அனுப்பலாம். அனுப்பிய பிறகு திரையைப் படமெடுத்து, அச்செடுத்து, பைலில் கோத்துவிட வேண்டும்.

கேலியாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பது எழுத்தில் ஓரெழுத்து தவறிப் போன செய்தி எங்கள் கிளினிக்கிலிருந்து ஒன்றுகூடப் போனதில்லை.

இனி அந்தக் கடைசி வரி.

புதிய ஏற்பாடு இதுதான். கண்புரை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை. அந்தக் கிழமை திங்கட்கிழமை பட்டியலில் இருப்பவர்களுக்குச் செய்தி போகும். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள் லிங்கை அழுத்தி, வருகிறேன் என்று உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாதவர்கள் வரத் தேவையில்லை. அடுத்த ஆளுக்கு இடம் போகும். மூன்று முறை உறுதிசெய்யாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும். பிறகு முதல் கிளினிக்கிலிருந்து தொடங்க வேண்டும். இது ஒரு வருஷக் கணக்கு.

செய்தி போன மறுநிமிஷமே பதில்கள் வரத் தொடங்கின. லிங்கை அழுத்துகிறவர்கள் அழுத்தினார்கள், அதோடு விடவில்லை. பனித்துளி விழுந்த ரோஜாப்பூ அனுப்பினார்கள். சூரியன் உதிக்கும் பிள்ளையார். வெசாக் கூடு. இனிய காலை வணக்கம். உக்குவளையிலிருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், தினமும் காலையில் ஒரு பூ, தவறாமல். பூ விரிகிறபோது பாட்டும் வரும். அந்தச் சின்ன ஃபோன் மூச்சு வாங்கியது. நான்கு நாளில் நினைவகம் நிரம்பி நின்றுவிட்டது.

நான்தான் சேரிடம் போனேன். “செய்திக்குக் கடைசியில ஒரு வரி போடுவோம் சேர். இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று.”

அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

“வேண்டாம் எண்டு எழுதினால் சனம் கோவிக்கும் பிள்ளை. தேவையில்லை எண்டு போடும்.”

இதற்குப் பதில் அனுப்பத் தேவையில்லை. வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒப்பம் வைத்தார்.

அனுப்பும் முன் சோதனையும் செய்தோம். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கிளினிக்கில் வேலை செய்யும் ஒன்பது பேருடைய ஃபோனுக்கும் அனுப்பினேன். ஒன்பதிலும் லிங்க் நீலமாக வந்தது. ஒன்பதிலும் திறந்தது. சேர் ஒவ்வொரு ஃபோனாக எட்டிப் பார்த்து, “நீலம், பார்வையிடப்பட்டது” என்று எழுதித் திகதி போட்டார். எங்கள் ஒன்பது பேருடைய ஃபோனிலும் அலுவலக இலக்கம் பெயர் போட்டுச் சேமிக்கப்பட்டிருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது ஒரு விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பூக்கள் பாதியாகக் குறைந்தன. உறுதிசெய்தவர்களும் கொஞ்சம் குறைந்திருந்தார்கள். நெல் வெட்டு என்று நினைத்தோம். அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவு. திருவிழா என்று நினைத்தோம். உறுதிசெய்யாதவர்களின் பெயருக்கு நேரே “பதில் இல்லை” என்று சிவப்புப் பேனையில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். சிவப்பில் இன்னும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. முதல் நாள் பகல் பட்டியல் மூடப்பட்டு, பச்சை ஒப்பத்தோடு சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போய்விட்டது. என் மேசை முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி நடுத்தர வயது. இன்னொருத்தி அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள், மற்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த யன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூத்தவள் தெய்வானை. றத்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டம். இளையவள் அதே லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கமலா.

“மிஸ், எம் பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்றாள் தெய்வானை.

பார்த்தேன். பேர் இருந்தது. அதற்கு நேரே மூன்று “பதில் இல்லை”. அதன்மேல் ஒரு கோடு. எல்லாம் என் கை.

“மூணு தடவ மெசேஜ் அனுப்பியிருக்கோம்க்கா. நீங்க ஒன்னுக்கும் லிங்க அமத்தல்லயே.”

“அமத்துனோங்க,” என்றாள் கமலா. “நான்தான் வாசிச்சேன். நான்தான் அமத்தினேன். அமத்தி அமத்தி என் வெரல்தான் தேஞ்சிச்சு. அது அசையல்ல.”

“சிக்னல் இல்லாம இருந்திருக்கும்.”

“பாட்டுக் கேக்க சிக்னல் இருந்திச்சே.”

தெய்வானை அவளை முழங்கையால் இடித்தாள். “சும்மா இரு புள்ள. ஒப்பீஸ்ல வந்து வாய்காட்டாத.” பிறகு என் பக்கம், ஒரு சாண் தள்ளி, பேசினாள். “எடது கண்ணு சின்ன வயசுலயே போயிருச்சுங்க. மொளகுக்கொடி ஏறயில கெளை அடிச்சிருச்சு. இந்த ஒன்னுலதான் இம்புட்டு நாளும் கராம்பு பிரிச்சேன். காம்பு வேற, மொட்டு வேற. போன மாசம் ரெண்டயும் கலந்துட்டேன்னு கங்காணி ஏசினாரு. மறுபடியும் கலந்துட்டேன், மறுபடியும் ஏசினாரு. அப்புறம் ஏசல்ல. நீ நாளைக்கு வராத தெய்வானன்னு மெதுவா சொன்னாரு. அவரு மெதுவா சொன்னதுதாங்க பயமாயிருச்சு.”

“அப்ப ஏன் ஒங்களால மெசேஜ் ஒன்னு போட முடியல்ல? லிங்க் வேல செய்யல்லன்னு ஒரு வார்த்த?”

அவள் வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“பதில் போடத் தேவயில்லன்னு போட்டிருந்திச்சே.”

“தேவையில்லன்னா போடக் கூடாதுன்னு இல்லக்கா.”

“ஒப்பீஸ்ல தேவயில்லன்னா என்னாங்க அர்த்தம்?” என்றாள் தெய்வானை. கேள்வியாகக்கூட இல்லை. “பெரட்டுல கணக்கப்புள்ள ஒன்னு சொன்னாரு, நாம ஒன்னு சொன்னோம்னா அதுக்கு எதுத்துப் பேசறதுன்னு பேரு. சொல்றதக் கேட்டுட்டு நிக்கணும். நின்னோம்.”

நான் எல்க்கடுவைப் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். காலையில் கொழுந்துக்காரர்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டில் என் அம்மா வாய் திறக்காமல் நின்றதை, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவள். பெயருக்கு ஆம் சொல்லக்கூட அம்மா கையைத்தான் தூக்குவாள். இருபது வருஷத்துக்கு மேல் ஓர் ஒப்பீஸில் உட்கார்ந்தேன். பிறகு அதே சனத்துக்கு, பதில் தேவையில்லை என்று ஒரு வரி எழுதினேன். எழுதும்போது ரோஜாப்பூ மட்டும்தான் ஞாபகம் வந்தது.

“ஃபோனக் குடுங்க,” என்றேன்.

மூன்று செய்திகளும் அழிக்காமல் இருந்தன. மூன்று புதன்கிழமைகள். மூன்றிலும் லிங்க் மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பு. அழுத்தினேன். சுவர். திருப்பி எழுதிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. இருக்கவும் முடியாது, அதைக் கண்ணை மூடிக் கேட்டவர் கனகசபை சேர். மேலே பார்த்தேன். எங்கள் இலக்கம் வெறும் இலக்கமாகவே இருந்தது. பெயரில்லை. இந்த இலக்கம் உங்கள் தொடர்புகளில் இல்லை என்று சின்ன எழுத்தில், சிங்களத்தில், ஆப் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கமலாவுக்கு வாசிக்கத் தெரியாது.

என்ன நினைத்துச் செய்தேன் என்று தெரியாது. பதில் எழுதும் இடத்தில் “ம்” என்று ஒன்று தட்டி அனுப்பினேன். தெய்வானையின் ஃபோனிலிருந்து என் லாச்சிக்கு. லாச்சிக்குள் டிங் என்றது.

திரையில் மூன்று லிங்கும் ஒன்றாக நீலமாயின. மூன்று மாதம் கறுப்பாகக் கிடந்த மூன்று புதன்கிழமைகளுக்கும் ஒரே நொடியில் அடிக்கோடு விழுந்தது.

கமலா குனிந்து பார்த்தாள். “அட கருமமே. நீலமாயிருச்சு.”

“நீலமாயிருச்சா?” என்றாள் தெய்வானை. “எனக்கு எல்லாம் பால் ஊத்தின மாதிரிதான் தெரியுது. நீலம்னா சரியா, பெழயா?”

தெரியாத இலக்கத்திலிருந்து வருகிற லிங்கை அந்த ஆப் திறக்க விடாது. மோசடிக்காரர்களுக்காக வைத்த பூட்டு. இலக்கத்தைச் சேமித்தாலோ, ஒரு பதில் போட்டாலோ, இவர்கள் தெரிந்தவர்கள்தான் என்று முடிவுசெய்து பூட்டைத் திறக்கும். றிஃப்காவுக்கு நான் சொன்ன ஒரு வரி இதுதான்.

இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். நாங்கள் சொன்னதைக் கேட்காமல் ரோஜாப்பூ அனுப்பியவர்களுக்குக் கண் கிடைத்தது. சொன்னதைக் கேட்டவர்களுக்கு என் சிவப்பு மை கிடைத்தது.

இருவரையும் கூட்டிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். மூடிய பட்டியலை அவர் திறந்ததாகச் சரித்திரமில்லை. முழுவதையும் சொன்னேன். அவர் எழும்பி, அலுமாரியிலிருந்து பைலை எடுத்து, மூன்று அச்சுத்தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். முதல் தடவையாக அவரே சத்தமாக வாசித்தார். லிங்கையும் வாசித்தார், எழுத்து எழுத்தாக, மூன்று தரம். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்த வரி…”

“நான் கேட்டது சேர்.”

“நீர் கேட்டனீர். ஒப்பம் ஆற்றை?”

அவருடைய பச்சை மை எதிரிலேயே இருந்தது.

“எனக்கு ஒருக்காக் காட்டும்,” என்றார்.

தெய்வானையின் ஃபோன் ஏற்கெனவே திறந்துவிட்டது. கமலாவின் ஃபோனுக்கு அலுவலக ஃபோனிலிருந்து அதே செய்தியை அனுப்பினேன். கறுப்பு. சேர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இப்ப நீங்கள் ஏதாவது எழுதி அனுப்புங்கோ, தங்கச்சி.”

“என்னாங்க எழுதறது?” என்றாள் கமலா.

“விரும்பினதை.”

கமலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு ரோஜாப்பூ அனுப்பினாள். பனித்துளி உள்ளது. லிங்க் நீலமானது.

கனகசபை சேர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, “கறுப்பு, பார்வையிடப்பட்டது. பதிலின் பின் நீலம், பார்வையிடப்பட்டது,” என்று எழுதித் திகதி போட்டார். நேரமும் போட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து சிறிது நேரம் பச்சைப் பேனையின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“மூடின லிஸ்ட்டைத் திறக்கேலாது,” என்றார்.

தெய்வானை தலையாட்டினாள். அவளுக்கு அது பழக்கமான வாக்கியம். கமலாவின் தோளைத் தேடிக் கையை நீட்டினாள்.

“கொஞ்சம் நில்லுங்கோ. நான் முடிக்கேல்லை.” என் பக்கம் திரும்பினார். “அனுபந்தம் எண்டு ஒண்டு போடலாம் தேவகி. தலைப்பு, அலுவலகப் பிழையால் விடுபட்டோர். எழுதும். முதல் பேர் இவ. சனிக்கிழமை ஆரும் வராட்டில் அந்த இடம் இவவுக்கு. ஆரும் வராமல் விடுவினமோ தெரியாது. ஆனா இவ வெளியில இருக்க வேணும், விடியவே.”

“அலுவலகப் பிழையாலன்னே எழுதவா சேர்?”

“வேற ஆற்றை பிழையால்?”

அன்று முழுவதும் என் சிவப்பு மையைப் பின்னோக்கி வாசித்தோம். “பதில் இல்லை” என்று இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ஃபோன் பண்ணினேன். வெளி அழைப்பு மூன்று நிமிஷத்துக்கு மேல் கூடாது என்பது சேரே போட்ட விதி. அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். சிலர் நாங்களாகக் கூப்பிட்டதையே நம்பவில்லை. வஹகோட்டையில் ஒரு பெரியவர், பதில் போடாததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒருத்தி மாட்டை விற்று வெளியில் செய்துகொண்டுவிட்டாள். ஒரு வீட்டில் மகள் எடுத்து, “அப்பாவுக்கு இனித் தேவப்படாதுங்க,” என்றாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து, “சரி,” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெயருக்கு நேரே எந்த மையில் எழுதுவதென்று தெரியாமல் அப்படியே விட்டேன். இன்றைக்கும் அது வெற்றிடமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகத் தேவையில்லை. போனேன். தெய்வானை முதல் நாள் மாலையே வந்து, கமலாவின் சித்தி வீட்டில் தங்கி, விடிவதற்குள் தியேட்டர் வாசல் மர வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தரும் எழும்பிப் போனார்கள். அதுவரை ஒருத்தர்கூடக் குறையவில்லை. தாதி மிஸ்ஸி வெளியே வந்து கூப்பிடும்போதெல்லாம் தெய்வானை பாதி எழும்புவாள், பிறகு உட்காருவாள். நான் வாங்கில் உட்காரவில்லை. நடந்துகொண்டிருந்தேன். நீண்ட தாழ்வாரம் அது; முப்பத்தாறு சீமெந்துத் தட்டு. எனக்குத் தெரியும்.

கடைசியில் இருந்து இரண்டாவது பெயர், மற்றக் கண்ணுக்காக வர வேண்டிய உக்குவளை மாஸ்டர். மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் ஓடிப்போய் லாச்சியைத் திறந்து ஃபோனைப் பார்த்தேன். காலையிலேயே அவருடைய செய்தி வந்திருந்தது. நாவுலையில் ஒரு கலியாணமாம், மறந்தே போய்விட்டாராம், அடுத்த மாதம் வருகிறாராம். கீழே பூ. விரிந்தது, பாட்டோடு.

அவருடைய பூக்களைப் பற்றி நான் முன்பு சொன்னதெல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தெய்வானையை உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே வந்து டொக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: புரை கெட்டியாகிவிட்டது, மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும், முக்கால்வாசி பார்வை வரும், கால்வாசிக்கு உத்தரவாதமில்லை. மூன்று மாதம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குப் புதன்கிழமைகள் பற்றித் தெரியாது.

திங்கட்கிழமை புதிய செய்தி தயாரித்தோம். முதலில் லிங்க் இல்லாமல் ஒரு செய்தி: நாங்கள் கண் கிளினிக், இந்தச் செய்தி கிடைத்ததும் தயவுசெய்து ஏதாவது ஒரு பதில் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு லிங்க். வாசித்தேன். சேர் கண்ணை மூடிக் கேட்டார். “ஏதாவது எண்டதுக்குக் கீழ கோடு போடுவமோ?” என்று கேட்டு, அவரே போட்டார். ஃபோன் மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியது. இரண்டாவது ஃபோன் கேட்டு மேலே எழுதினார். அது என் ஓய்வுக்கு முந்தின கிழமை வந்தது.

றிஃப்கா, நீ இருக்கிற இடத்துக்கு வலப்பக்க அலுமாரியில், கீழ்த்தட்டில், அந்தப் பைல் இருக்கிறது. நாங்கள் எழுதிய வழிமுறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன; நீ வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. கடைசித் தாளை மட்டும் பார்.

தெய்வானை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். ஒரு பகல் நேரம் லாச்சிக்குள் டிங் என்றது, கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் டிங், இன்னும் கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். இந்த முறை கமலா வாசிக்கவில்லை, தானே வாசித்திருக்கிறாள். பழைய செய்திகள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டிருந்தாள். முதல் புதன்கிழமைக்கு, “சரிங்க.” இரண்டாவதற்கு, “சரிங்க.” மூன்றாவதற்கு, “சரிங்க வந்துட்டேன்.”

முறைப்படி அச்செடுத்து சேரின் மேசையில் வைத்தேன். பைலில் போடச் சொல்வார் என்று நின்றேன். அவர் வாசித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பேனையைத் திறந்து, தாளின் அடியில் பச்சை மையில் ஒரு வரி எழுதி, ஒப்பம் வைத்து, என்னிடம் நீட்டினார்.

பதில் அனுப்பவும்.